கூடுதலாக ஒரு தட்டு

முதலில் இசைத்தட்டு, அடுத்து சி.டி.,
மறுபடி இசைத்தட்டு.
சுவரைப் பார்த்து உட்கார் என்கிறார் தொபியாஸ்.
எது எதுவென்று காதால் சொல்ல வேண்டுமாம்.
சந்தியாகப்பர் காலண்டரைப் பார்த்துக்கொண்டு
மூன்று தடவையும் சரியாகச் சொன்னேன்.
தட்டில் இறக்கும் முன் அவர் ஊசியில் ஊதுவார்.
அந்த ஊதல் எனக்குக் கேட்கும்.
அதைச் சொல்லவில்லை.

பாம்பனில் இசைத்தட்டு கேட்க நேரம் பார்க்க வேண்டும்.
ரயில் பாலத்தை விட்டு இறங்கி வந்தால்
வீடு குலுங்கும், ஊசி ஒரு வரியைத் தாண்டிப்போகும்.
சாயங்காலம் ஐஸ் கம்பெனியில் மோட்டார் போட்டால்
கரண்டு இறங்கும்,
பாடுகிற அம்மாவும் அரைக்கட்டை இறங்கி
தூக்கக் கலக்கத்தில் சஹானாவை இழுப்பார்.
கச்சான் அடிக்கும் மாதங்களில் மணல்.
ஜன்னலைச் சாத்தினாலும் மணல்.

தட்டு வந்தது கீழக்கரையிலிருந்து.
ஒரு பெரிய வீட்டைக் காலி செய்தார்கள்,
கொழும்பில் வாங்கிய பீங்கான்களுக்கு நடுவே
வைக்கோல் சுற்றிக் கிடந்தது.
போன வருஷம் சென்னையிலிருந்து கம்பெனி ஆள் வந்தார்.
மூல நாடா பூஞ்சை பிடித்துப் போயிற்றாம்,
அலைந்து பார்த்ததில் நல்ல தட்டு இதுதானாம்.
ரசீது எழுதித் தந்து
குழந்தையைப் போலத் துண்டில் சுற்றி எடுத்துப்போனார்.
ஆக, இந்த சி.டி. எங்கள் தட்டின் பிள்ளை.
அட்டையில் பொடி எழுத்தில்
‘உதவி: தொபியாஸ், பாம்பன்.’

அவருடைய தீர்ப்பு இப்படிப் போகிறது:
தட்டில் பாட்டுக்கு முன்னால் பொரி வறுபடும்.
சி.டி.யில் ஒன்றும் இல்லை,
ஐஸ் அறையில் கதவைச் சாத்தினால் வருமே
அந்த ஒன்றுமில்லை.
தட்டில் அந்தம்மா அடுத்த அறையில் பாடுகிறார்,
நாம் எழுந்து போகலாமா என்றிருக்கும்.
சி.டி.யில் அவரே வந்து முகத்துக்கு நேரே நிற்கிறார்,
பல் வரைக்கும் தெரிகிறது.
தம்புரா, வயலின், குரல்
எல்லாம் ஒரே உயரம். அறுத்த ஐஸ்கட்டி.
மூச்சு வாங்குகிற இடத்தைத் துடைத்துவிட்டார்கள்,
பாவி மக்கள், அவர் எப்போது மூச்சு விட்டாராம்?

நான் தலையாட்டுகிறேன்.
என் காது வேறொன்றுக்குக் காத்திருக்கிறது.

பதினெட்டு வருஷத்துக்கு முன்
கேஸ் அடுப்புக்கென்று எடுத்து வைத்த பணத்தில்
இவர் மதுரையிலிருந்து வைர ஊசி வாங்கி வந்தார்.
அன்றைக்கு விறகு நனைந்திருந்தது.
வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினேன்.
ஒரே ஒரு கோடு,
ஒரு நெல் நீளம்.
அதற்கே ஏழு ‘டிக்’,
சுற்றுக்கு ஒன்றாக.
பல்லி விழுந்திருக்கும் என்று அவரே சொன்னார்.
நானும் பல்லி என்றேன்.
அடுத்த மாதம் அடுப்பு வந்தது,
பல்லி நிலைத்துவிட்டது.

கம்பெனிக்காரனின் கம்ப்யூட்டர் ஆறு ‘டிக்’கை எடுத்துவிட்டது.
ஏழாவது, சமத்தில் போய் விழுந்திருக்கிறது,
மிருதங்கம் விழுகிற அதே நொடியில்.
வாசித்தவரின் கையென்று நினைத்து
அதை மட்டும் விட்டுவிட்டது போல.

“இந்த இடத்தைக் கேள் ரெஜினாள்,”
தொபியாஸ் விரலை உயர்த்துகிறார்.
“தட்டில் இத்தனை வருஷம் எனக்குப் பிடிபடவே இல்லை.
சி.டி.க்காரன் ஒன்றே ஒன்று உருப்படியாய்ச் செய்திருக்கிறான்.
சொல்லுக்கு மேலே ஒரு தட்டு, கூடுதலாக,
எவ்வளவு சுருக்கென்று! என்ன கை!”

“நல்ல கைதான்” என்றேன்.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்,
மிருதங்கம் யாரென்று போடவில்லை.
சென்னையிலும் சிங்கப்பூரிலும்
வாங்கிய வீடுகளில் எல்லாம்
ஈர விறகின் கோபம் ஒரு நொடி விழுந்து போகும்.

ரயில் வருகிறது. டம்ளர்கள் நடுங்குகின்றன.
சி.டி. அசையவில்லை.
அவர் பின்னால் ஓட்டி, மறுபடி அந்த இடத்துக்கே போகிறார்,
கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தட்டுகிறார்,
என் ஊக்கு விழுகிற இடத்தில்,
பிசகாமல்.